தோலில் ஒரு பாதி

தகரக் கொட்டகைக்குள் வெயில் இரண்டு மடங்கு.
தராசு முள் நடுக்கம் தீரும்வரை
மூச்சைப் பிடித்து நிற்கிறாள் சுவஃபாரா.
பதினொரு கிலோ இருநூறு.
வேரோடு பிடுங்கி மூன்று நாள் காய்ந்த நித்தியகல்யாணி.
அவள் ஊரில் அதற்கு வொனெனினா என்று பெயர்.
சருகுக்குள் இன்னும் நிறம் விடாத
ஓர் இதழ்.

நான் எடை பார்க்க வந்தவனல்ல.
மலைமேல் தலைநகரத்து ஆய்வுக்கூடத்திலிருந்து
ஐஸ்பெட்டியோடு அம்புவும்பே வந்தவன்.
பச்சை இலை நாற்பது போதும் எனக்கு.
"நாற்பது இலைக்கா இவ்வளவு தூரம்?"
பாதையோரத்துச் செடியிலேயே
என்னோடு சேர்ந்து கிள்ளினாள்.
கிள்ளிய விரலை நாக்கில் வைத்து
முகம் சுளித்து
"இருக்கு" என்றாள்.

அதையே சொல்ல
எனக்கு ஒன்றரை நாள் பிடித்தது.

குளோரோஃபார்மில் இலையை முக்கி எடுத்தேன்.
மேல்மெழுகு கரைந்தது, உள்ளே ஒரு செல்லும் உடையவில்லை.
மெழுகோடு வந்துவிட்டது கசப்பின் ஒரு பாதி.
புழு வாய் வைக்கும் முன்பே
தன் தோலில் பூசி வைத்திருக்கிறது செடி,
கேத்தரந்தீன்.

மறுபாதி ஆழத்தில்.
புற ஊதா வெளிச்சத்தில் இலைச்சீவலை வைத்தால்
மின்வெட்டுத் தெருவில் ஜெனரேட்டர் வைத்த வீடுகள்போல
அங்கொன்றும் இங்கொன்றுமாய்
நீலமாய் எரியும் செல்கள்.
எரிவது வேறு சரக்கு.
விண்டோலினுக்கும் அதே முகவரிதான்.

ஒரே அறையில் சமைக்காது இந்தச் செடி.
நரம்பை ஒட்டிய செல்களில் உலை ஏறும்.
அரைவேக்காடு புறத்தோலுக்குக் கைமாறும்.
அங்கே, செல்லின் நடுத்தொட்டியில்,
முதுகில் ஒரு சர்க்கரையைச் சுமந்தபடி
தூங்கும் ஸ்ட்ரிக்டோசிடின்.
அந்தச் சர்க்கரையை வெட்டும் கத்தி
அதே செல்லில்தான், ஆனால்
உட்கருவுக்குள், இன்னொரு சுவருக்குப் பின்னால்.
ஆடு மென்றால்
இரண்டு சுவரும் இடியும்.
கத்தி தொட்டிக்குள் விழும்.
மீதியை ஆட்டின் நாக்கு அறியும்.

தோலில் உள்ளதும் ஆழத்தில் உள்ளதும்
என்றோ எங்கோ
துளியாய் ஒட்டிக்கொண்டால் வின்பிளாஸ்டின்.
இரண்டாய்ப் பிரியத் துடிக்கும் புற்றுச்செல்லின்
வடக்கயிறுகளை
முறுக்கேறவிடாமல் கலைக்கும் மருந்து.
அரை டன் சருகுக்கு ஏறக்குறைய ஒரு கிராம்.
சுவஃபாராவின் பதினொரு கிலோ இருநூறில்
எவ்வளவு என்று கணக்குப் போட்டேன்.
ஓர் உப்புக்கல்லும் தேறாது.

"நாக்கு எப்படிக் கற்றது?" என்று கேட்டிருந்தேன்.
கெரே வந்த வருடம், என்றாள்.
தெற்கில் பஞ்சத்துக்கு அதுதான் பெயர்.
மரவள்ளியும் தீர்ந்த பிறகு
இந்த இலையை மென்றோம்.
"பசி போகாது. அதன் சத்தம் கேட்காது."
மூட்டை கட்டிய கையோடு ஒரு நாள் பாலூட்டியதில்
மகன் ரெமாசி மார்பைத் துப்பிவிட்டு
இரவெல்லாம் அழுதானாம்.
அதற்குப் பிறகு முதல் கூலியில் எப்போதும்
சோப்பு.

என் முடிவுகள் வந்தன.
மழை பொய்த்த இந்த ஆண்டு
இலை சுருங்கியிருக்கிறது, சரக்கு ஏறியிருக்கிறது.
ஒரே கிலோவுக்குள் கூடுதல் மருந்து.
தொழிற்சாலை நன்றி சொல்லி எழுதியது.
தராசு கிலோவைத்தான் அறியும்,
அதில் அவள் மூட்டை
போன ஆண்டைவிட நாலு கிலோ குறைவு.
இதையும் எழுதி அனுப்பினேன்.
பதில் இல்லை.

திரும்பும் வழியில், இரண்டாம் இரவு,
வண்டி பழுதாகி நின்ற ஏதோ ஊரில்
அவித்த சோளம் வாங்கிக் கையால் உதிர்த்துத் தின்றேன்.
முதல் வாயிலேயே துப்பினேன்.
விற்ற பெண் பதறிப்போனாள்.
சோளத்தில் குற்றமில்லை, அம்மா.
கை கழுவ
கொஞ்சம் தண்ணீர் கொடு.